ஃப்ரீமனின் 160 ஏக்கர்: நெப்ராஸ்கா ஹோம்ஸ்டெட் பூங்காவை எப்படிப் பார்ப்பது

நெப்ராஸ்கா மாநிலத்தில் பியாட்ரிஸ் ஊருக்கு மேற்கே நான்கு மைல் போனால், 4-ஆம் நம்பர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா வரும். லிங்கன் நகரிலிருந்து 77-ஆம் நம்பர் சாலையில் தெற்கே சுமார் 40 மைல். நுழைவுக் கட்டணம் கிடையாது. 1936-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த இடத்தைத் தேசியச் சின்னமாக அறிவித்தது; இப்போதுள்ள பெயர் 2021-இல் வந்தது. பழைய கையேடுகளிலும் வரைபடங்களிலும் ‘ஹோம்ஸ்டெட் நேஷனல் மானுமென்ட்’ என்றே இருக்கும். இரண்டும் ஒரே இடம்தான்.

இது டேனியல் ஃப்ரீமன் என்ற மருத்துவர் வாங்கிய நிலம். வாங்கிய என்பதை விட, ஐந்து வருடம் இருந்து காட்டிப் பட்டா பெற்ற நிலம் என்று சொல்வதே சரி. அரசு நிலத்தில் ஐந்து வருடம் குடியிருந்து பயிரிட்டவருக்கு 160 ஏக்கர் வரை பட்டா தரும் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் 1862 மே 20 அன்று ஜனாதிபதி லிங்கன் கையெழுத்திட்டார்; அது 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றே பிரவுன்வில் நில அலுவலகத்தில் ஃப்ரீமன் மனுக் கொடுத்துவிட்டார். அந்த அலுவலகத்தின் முதல் மனு அவருடையது. பின்னால் கிடைத்த இறுதிச் சான்றிதழும் எண் 1.

பூங்காவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்டுவிட்டு வருவது ஒரே ஒரு கதையைத்தான். ராணுவப் பணிக்குத் திரும்ப வேண்டிய அவசரத்தில் இருந்த ஃப்ரீமன், புத்தாண்டு இரவில் அலுவலக அதிகாரியிடம் பேசி, நள்ளிரவு தாண்டியதும் கதவைத் திறக்க வைத்தார் என்பார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆவணத்தில் நள்ளிரவு என்று எதுவும் இல்லை; தேதியும் எண்ணும் மட்டுமே உண்டு. ஒவ்வொரு நில அலுவலகமும் தன் மனுக்களுக்குத் தனியாக எண் போட்டது, ஆகவே முதல் எண் மனு வேறு அலுவலகங்களிலும் இருந்தது. அதே நாளில் நாடு முழுக்க நானூறுக்கும் மேற்பட்டவர்கள் மனுச் செய்தார்கள். அந்த ஓர் இரவை விட அதற்குப் பின் வந்த ஐந்து வருடங்களில்தான் பார்க்க வேண்டியது அதிகம். பூங்காவின் உண்மையான பலமும் அங்கேதான் இருக்கிறது.

அதனால் ஒரு யோசனை. போவதற்கு முன்பே ஃப்ரீமன் 1868 ஜனவரியில் தாக்கல் செய்த குடியிருப்புச் சான்றின் படத்தை இணையத்தில் எடுத்து, கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே ஒரு தாள்தான். அண்டை வீட்டார் இருவர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது இவ்வளவு: 14 அடிக்கு 20 அடி வீடு, ஒரு பாதி மரக்கட்டையை அடுக்கியது, மறு பாதி சட்டம் அடித்துப் பலகை போட்டது, ஒரே தளம், இரண்டு கதவு, இரண்டு ஜன்னல், மரச்சில்லு வேய்ந்த கூரை, பலகைத் தரை, வசிக்க வசதியான வீடு. உழுது, வேலி கட்டி, பயிரிட்டது சுமார் 35 ஏக்கர். ஒரு குதிரை லாயம், 100 அடி நீள ஆட்டுக் கொட்டகை, மக்காச்சோளக் கதிர் போட்டுவைக்க ஒரு களஞ்சியம், 40 ஆப்பிள் மரம், சுமார் 400 பீச் மரம்.

ஐந்து வருட உழைப்பின் மொத்தக் கணக்கு இதுதான். பூங்காவில் நடக்கும்போது இந்த வரிகளை ஒவ்வொன்றாகத் தரையோடு பொருத்திப் பாருங்கள். காட்சிக்கூடம் சொல்வதை விட அதிகம் புரியும்.

முதலில் நில எல்லை. ஃப்ரீமனின் நிலம் சதுரமாக இல்லை. அரசு சர்வேயில் ஒரு டவுன்ஷிப் என்பது 6 மைலுக்கு 6 மைல். அதில் 36 செக்‌ஷன். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். அதைக் காலாக வெட்டினால் 160, அதையும் காலாக வெட்டினால் 40. சட்டம் கேட்டது, எடுக்கும் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும் என்பதுதான். ஒரு டவுன்ஷிப் வடக்கு-தெற்காக எத்தனையாவது என்பதை டவுன்ஷிப் எண்ணும், கிழக்கு-மேற்காக எத்தனையாவது என்பதை ரேஞ்ச் எண்ணும் சொல்லும். ஃப்ரீமன் எடுத்தது டவுன்ஷிப் 4 வடக்கு, ரேஞ்ச் 5 கிழக்கு, 26-ஆவது செக்‌ஷனில் நான்கு 40 ஏக்கர் துண்டுகள்: வடமேற்குக் காலின் தென்பாதி (அது இரண்டு துண்டு), அதே காலின் வடகிழக்குக் கால், செக்‌ஷனின் வடகிழக்குக் காலில் தென்மேற்குக் கால். தாளில் வரைந்து பாருங்கள். மூன்று துண்டு வரிசையாக வரும்; நடுத்துண்டின் தலையில் நான்காவது உட்காரும்.

இந்த வடிவத்துக்கு ஒரு விலை உண்டு. 40 ஏக்கர் சதுரத்தின் ஒரு பக்கம் 1,320 அடி. 160 ஏக்கரைச் சதுரமாக எடுத்திருந்தால் சுற்றளவு 10,560 அடி, அதாவது சரியாக 2 மைல். ஃப்ரீமனின் வடிவத்துக்கு 13,200 அடி, இரண்டரை மைல். அரை மைல் எல்லை கூடுதல். பதிலுக்குக் கிடைத்தது கப் க்ரீக் ஓடையும் அதன் கரையில் நின்ற ஓக் மரங்களும். அந்த வட்டாரத்தில் மரம் என்றால் ஓடைக்கரையில் மட்டும்தான். வீட்டுக் கட்டை, விறகு, வேலிக்கம்பு எல்லாமே அங்கிருந்து வர வேண்டும். மேட்டில் நல்ல சதுர நிலம் எடுத்தவர்கள் பலர் தண்ணீருக்குக் கிணறு தோண்டி, விறகுக்கு மைல் கணக்கில் வண்டி கட்டினார்கள். ஓடைப் பாதையில் இறங்கி நடந்தால் ஃப்ரீமனின் தேர்வு எவ்வளவு கூர்மையானது என்று தெரியும். வெயிலில் புல்வெளியைக் கடந்து மரநிழலுக்குள் நுழையும் அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள்.

அடுத்தது, 160 ஏக்கரில் ஏன் 35 மட்டும் பயிர்? காட்சிக்கூடம் இதைச் சரியாக விளக்கவில்லை என்பது என் பெரிய குறை. காரணம் இரண்டு. ஒன்று வேலி. 35 ஏக்கரைச் சதுரமாக அடைக்கவே ஏறக்குறைய 5,000 அடி வேலி வேண்டும். முள்கம்பி 1870-களின் நடுவில்தான் சந்தைக்கு வந்தது. ஃப்ரீமன் காலத்தில் கம்பைப் பிளந்து அடுக்க வேண்டும், இல்லையென்றால் ஓசேஜ் ஆரஞ்சு செடியை நட்டு உயிர்வேலி வளர்க்க வேண்டும். பூங்காவின் தெற்கு எல்லையில் பழைய ஓசேஜ் ஆரஞ்சு வேலி இன்னும் நிற்கிறது. கட்டாயம் போய்ப் பாருங்கள். முள் கெட்டியானது, மரம் இரும்பு போன்றது. நெருக்கமாக நட்டு, வெட்டி வெட்டிக் கிளைக்க விட்டால் மாடு மோதினாலும் உடையாது, பன்றி அடியில் நுழையாது. பராமரிக்காமல் விட்டால் ஓங்கி வளர்ந்து அடியில் இடைவெளி விழும். இப்போது அங்கே காண்பது அந்த நிலைதான்.

இரண்டாவது காரணம் புல். இங்கே உள்ள உயர்புல் பிரெய்ரியை, அதாவது இயற்கைப் புல்வெளியை, 1939-லிருந்து மீட்டெடுத்து வருகிறார்கள். அமெரிக்காவில் இப்படி மீட்டெடுத்தவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று. பரப்பு சுமார் 100 ஏக்கர். பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ், ஸ்விட்ச் கிராஸ் மூன்றும் ஆகஸ்ட் கடைசியில் ஆள் உயரம் தாண்டும். மேலே தெரிவதை விடக் கீழே வேர் ஆழம். அந்த வேர்ப் பின்னலை முதன்முறை கிழிப்பதுதான் குடியேறியின் பெரும்பாடு. வார்ப்பிரும்புக் கலப்பையில் கரிசல் போன்ற ஈரமண் ஒட்டிக்கொள்ளும், நாலடிக்கு ஒருமுறை நிறுத்திச் சுரண்ட வேண்டும். பளபளப்பான எஃகுக் கொழு வந்த பிறகே மண் வழுக்கி விழுந்தது. புல் உடைக்கும் கலப்பைக்குப் பல ஜோடி எருது தேவை. ஆழமும் முக்கியம்: இரண்டு மூன்று அங்குலம் மட்டுமே சீவிப் புரட்ட வேண்டும், அதுவும் மே கடைசி, ஜூனில். ஆழமாக உழுதால் புல்கட்டி மக்காது. தாமதமாக உழுதால் வேர் சாகாமல் மறுபடி துளிர்க்கும். முதல் வருடம் புரட்டிய புல்கட்டியைக் கோடாலியால் கீறி, அந்தப் பிளவில் மக்காச்சோள விதையைப் போடுவார்கள், விளைச்சல் சொற்பம். இரண்டாம் வருடம்தான் உருப்படியாக உழ முடியும். இப்படிப் பார்த்தால் ஐந்து வருடத்தில் 35 ஏக்கர் என்பது நல்ல கணக்கு.

காட்சிக்கூடம் இருக்கும் ஹெரிடேஜ் சென்டர் கட்டடம் 2007-இல் திறந்தது. கூரையைப் புல்மண்ணைப் புரட்டும் கலப்பைக் கொழு போல உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரிகிறது. வாகனம் நிறுத்தும் இடம் சரியாக ஒரு ஏக்கர். பலரும் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். முதலில் இந்த ஒரு ஏக்கரைச் சுற்றி நடங்கள். 100 சென்ட் என்றால் நம் ஊர்க்காரருக்குக் கண்ணால் அளந்துவிட முடியும். அதைப்போல் 160 என்று மனதில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனால் மற்றது எளிது.

நுழைவாசலுக்குப் போகும் வழியில் ஹோம்ஸ்டெட் நிலம் கொடுத்த 30 மாநிலங்களின் உலோகத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தகட்டிலும் எவ்வளவு பங்கு நிலம் இப்படிப் போனதோ அந்த அளவுக்கு ஒரு சதுரத் துளை. நெப்ராஸ்காவின் துளை பெரிது, சுமார் 45 சதவீதம். எந்த மாநிலத்தையும் விட அதிகம். புள்ளிவிவரத்தைக் கண்ணுக்குக் காட்ட இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை.

உள்ளே ஓடும் படம் அரை மணிக்குள் முடிந்துவிடும். குடியேறிகளின் பெருமையோடு நிற்காமல் நிலத்தை இழந்த பழங்குடியினரின் குரலையும் சேர்த்திருப்பது நல்ல விஷயம். ஆனால் இந்த ஊருக்கே உரிய வரலாறு இன்னும் அழுத்தமாகச் சொல்லப்பட வேண்டும். இது ஓட்டோ-மிசூரியா மக்களின் நிலம். 1854 ஒப்பந்தத்தில் அவர்கள் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து, தெற்கே பிக் புளூ ஆற்றங்கரையில் ஒரு ஒதுக்கீட்டுப் பகுதிக்குள் சுருங்கினார்கள். ஃப்ரீமன் பீச் மரம் நட்ட காலத்தில் அவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். 1881-இல் அங்கிருந்தும் இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ‘இலவச நிலம்’ எங்கிருந்து வந்தது என்பதற்கு இந்த வட்டாரமே பதில் சொல்லும். படம் நாடு முழுவதையும் பற்றிப் பொதுவாகப் பேசும்போது அந்தக் கூர்மை குறைந்துவிடுகிறது.

இலவசம் என்பதும் முழு உண்மை இல்லை. மனுச் செய்யும்போது 12 டாலர், முடிவில் 6 டாலர், ஆக 18 டாலர் கட்டணம். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், அல்லது குடும்பத் தலைவராக இருக்க வேண்டும். குடிமகனாகவோ குடியுரிமைக்கு விருப்ப அறிவிப்புக் கொடுத்தவராகவோ இருக்க வேண்டும். அமெரிக்க அரசுக்கு எதிராக ஆயுதம் எடுத்திருக்கக் கூடாது. மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் தன் பெயரில் கேட்கலாம். கணவனோடு வாழும் பெண் கேட்க முடியாது. ஐந்து வருடம் காத்திருக்க முடியாதவர் ஆறு மாதம் இருந்துவிட்டு ஏக்கருக்கு 1.25 டாலர், அதாவது 160 ஏக்கருக்கு 200 டாலர் கட்டி முடித்துக்கொள்ளலாம். மனுச் செய்தவர்களில் பட்டா வரை வந்தவர்கள் சுமார் 40 சதவீதம்தான். மொத்தம் 16 லட்சம் பட்டா, 27 கோடி ஏக்கர்.

அந்தப் பட்டாக்களில் கடைசி ஒன்றுக்கு உரியவர் கென் டியர்டார்ஃப். அலாஸ்காவின் ஸ்டோனி ஆற்றங்கரையில் 80 ஏக்கருக்கு 1974-இல் மனுச் செய்து, 1988-இல் பட்டா பெற்றார். அவர் பயன்படுத்திய அல்லிஸ்-சால்மர்ஸ் டிராக்டரை அலாஸ்காவிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் அதிக நேரம் நிற்பது இதன் முன்னால்தான்.

இனி, பலரும் ஏமாறும் ஒன்று. பூங்காவில் நிற்கும் மரவீடு ஃப்ரீமனுடையது இல்லை. அது பாமர்-எப்பார்ட் வீடு. 1867-இல் இதே கவுன்டியில் வேறொரு குடும்பம் கட்டியது, பின்னாளில் இங்கே கொண்டுவரப்பட்டது. 14 அடிக்கு 16 அடி. ஃப்ரீமனின் முதல் வீடும் இல்லை, பின்னால் கட்டிய செங்கல் வீடும் தீயில் போய்விட்டது. இடங்களை மட்டும் குறித்திருக்கிறார்கள். படம் எடுத்து ‘ஃப்ரீமன் வீடு’ என்று போடுகிறவர்கள் ஏராளம். ஆனாலும் உள்ளே எட்டிப் பார்ப்பது வீண் இல்லை: சான்றில் உள்ள வீடு இதைவிட நான்கடிதான் நீளம். பலகைத் தரை என்று சாட்சிகள் தனியாகச் சொன்னதன் காரணமும் அப்போது புரியும். மண் தரையோடு இருந்த வீடுகள் சுற்றிலும் ஏராளம்.

சாலையோரமாகவே மேற்கே கால் மைல் போனால் ஃப்ரீமன் பள்ளி. 1872-இல் கட்டிய ஓரறைச் செங்கல் பள்ளி, 1967 வரை நடந்தது. பெயர் டேனியல் ஃப்ரீமனைக் குறிக்கிறதா, செங்கல் சுட்டுக் கொடுத்த தாமஸ் ஃப்ரீமனைக் குறிக்கிறதா என்பதில் தெளிவில்லை. கதவு பூட்டியிருந்தால் திரும்பிவிடாதீர்கள். ஹெரிடேஜ் சென்டரில் ரேஞ்சரிடம் (பூங்கா ஊழியரிடம்) முதலிலேயே கேட்டுவிட்டுப் போங்கள். மொத்தப் பூங்காவில் ஃப்ரீமனின் குணம் நேராகத் தெரிவது இங்கேதான். 1899-இல் இந்தப் பள்ளி ஆசிரியை வகுப்பில் பைபிள் வாசிப்பு, ஜெபம், பாட்டு என்று நடத்தினார். ஃப்ரீமன் எதிர்த்தார். பள்ளி நிர்வாகம் ஆசிரியை பக்கம் நின்றது. மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றவர், மேல்முறையீட்டில் 1902-இல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றத்தில் வென்றார். அடுத்த வருடம் அதே நீதிமன்றம், பைபிள் வாசிப்பு மொத்தமாகத் தடை இல்லை, ஒரு மதப்பிரிவைப் போதிப்பதுதான் கூடாது என்று விளக்கம் தந்தது. எழுபதைத் தாண்டிய வயதில் தன் ஊர்ப் பள்ளியையே வழக்குக்கு இழுத்து, மாநில உச்ச நீதிமன்றம் வரை போன மனிதர் இவர். நள்ளிரவுக் கதையை விட இதை முன்னால் நிறுத்தியிருக்கலாம்.

அக்னஸ் சூட்டர் பற்றியும் ஒரு வார்த்தை. ஃப்ரீமனின் தம்பிக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவர். அந்தத் தம்பி உள்நாட்டுப் போரில் இறந்தார். கடிதம் மூலமாகவே பழகி, 1865 பிப்ரவரியில் ஃப்ரீமனைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த நிலத்துக்கு வந்தார். ஃப்ரீமன் 1908 டிசம்பரில் இறந்த பிறகும் இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்து 1931-இல் காலமானார். பட்டாவில் அவர் பெயர் இல்லை. இருவர் கல்லறையும் பூங்காவின் கிழக்கு ஓரத்தில் இருக்கின்றன.

நேரக் கணக்கு: காட்சிக்கூடம், படம், வீடு, பள்ளி இவற்றுக்கு இரண்டு மணி. நடைபாதை மொத்தம் சுமார் 3 மைல், அதற்கு இன்னும் ஒன்றரை மணி. ஜூன், ஜூலையில் மதியம் புல்வெளியில் நடக்க வேண்டாம். நிழல் ஓடைக்கரையில் மட்டுமே. உண்ணி உண்டு. முழுக்கால் சட்டை, மூடிய செருப்பு, திரும்பியதும் காலைச் சோதிப்பது அவசியம். ஓடைப் பக்கம் மூன்றிலைக் கொத்தாக வரும் பாய்சன் ஐவியைத் தொடாதீர்கள், தோல் வெந்துவிடும். புல்லுக்காகப் போகிறவர்களுக்கு ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் வரை சரியான பருவம். வசந்தத்தில் புல்லைக் கட்டுப்படுத்தி எரிப்பார்கள். அந்த வாரங்களில் பாதை மூடியிருக்கலாம், கறுத்த தரையைத் தவிரப் பார்க்க ஒன்றும் இருக்காது. சாப்பாடு பியாட்ரிஸில் முடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பூங்காவின் கவனிக்கப்படாத சேவை ஒன்று: பட்டா தேடும் கணினிகள். நெப்ராஸ்கா ஹோம்ஸ்டெட் கோப்புகள் மின்வடிவில் வந்துவிட்டன. இங்கே உட்கார்ந்து காசில்லாமல் பார்க்கலாம். எந்த மாநிலமானாலும் முதல் படி ஒன்றுதான். மத்திய நில மேலாண்மை அலுவலகத்தின் பட்டாப் பதிவுத் தளத்தில் மாநிலம், கவுன்டி, குடும்பப் பெயர் மூன்றைக் கொடுங்கள். பெயர் எழுத்து வேறுபடும், ஆகவே முதற்பெயரைக் காலியாக விடுவது நல்லது. வரும் பதிவில் எந்தச் சட்டப்படி என்ற வரியைப் பாருங்கள். 1862 மே 20 தேதியிட்ட சட்டம் என்றால் ஐந்து வருடம் இருந்து பெற்றது. ரொக்கக் கிரயம் என்றால், மனுச் செய்துவிட்டு இடையில் பணம் கட்டி முடித்தவராகவும் இருக்கலாம். அவர் கோப்பு ரொக்கக் கிரயக் கட்டில்தான் கிடைக்கும். பலர் ஹோம்ஸ்டெட் கட்டில் தேடிவிட்டு ‘இல்லை’ என்று திரும்புவது இதனால்தான். பட்டா ஒரு தாள், அதில் விவரம் குறைவு. வீட்டின் அளவு, பயிர், சாட்சி, குடியுரிமைத் தாள் எல்லாம் முழுக்கோப்பில் இருக்கும். அதைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கட்டணம் கட்டிக் கேட்க வேண்டும். கேட்கும்போது நில அலுவலகத்தின் பெயர், இறுதிச் சான்றிதழ் எண், செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் ஐந்தையும் குறித்துக் கொடுங்கள். பாதியில் விட்டுப்போனவர்களின் பெயர் பட்டாத் தளத்தில் வராது, பட்டாவே கொடுக்கப்படவில்லையே. அவர்களைத் தேட அந்த நில அலுவலகத்தின் நிலவாரிப் பேரேட்டைப் புரட்ட வேண்டும். அதற்கு ஆள் பெயர் பயன்படாது, செக்‌ஷன் எண் கையில் இருக்க வேண்டும்.